தயிர்சாதம் மட்டும் போதுமா?

நம் சங்கக் குடும்பங்கள் பலவற்றில் இன்று ஒரே கதைதான். பிள்ளை பத்தாவது படிக்கையில் அடம் பிடித்து ஒரு நாய்க்குட்டியைக் கொண்டு வந்தான். பிறகு அவன் புனேவுக்கோ டொராண்டோவுக்கோ வேலைக்குப் போய்விட்டான். நாய் நம்மோடு தங்கிவிட்டது. நமக்கும் வயதாகிறது, அதற்கும் வயதாகிறது. பெரிய இன நாய்கள் ஏழு வயதிலேயே முதுமையில் கால் வைக்கின்றன. பொமரேனியன் போன்ற சிறியவை பத்து வயதையொட்டி. அப்போது அதன் தட்டில் என்ன போடுகிறோம் என்பதில் நம்மவர்கள் போதிய கவனம் செலுத்துவதில்லை என்பது அடியேனின் அபிப்பிராயம்.

"அது சமத்தாத் தயிர்சாதம் சாப்பிடறது மாமா. வயசான ஜீவன், லேசான ஆகாரம்தானே நல்லது?" என்றார் எங்கள் குடியிருப்பு மாமி ஒருவர். தயிர்சாதத்தை நான் குறை சொல்ல மாட்டேன். மாவுச்சத்தைச் செரிக்கும் திறன் ஓநாயைவிட நாய்க்கு அதிகம் என்று 2013இல் மரபணு ஆராய்ச்சியே காட்டியிருக்கிறது. ஆனால் வயதான நாய்க்கு முதலில் கரைவது தசை. பின்னங்கால் மெலிந்து, மாடிப்படி ஏறத் தயங்குவதை நாமே பார்க்கிறோம். ஆரோக்கியமான கிழ நாய்க்குப் புரதம் இளமையில் தேவைப்பட்டதைவிடக் குறையக் கூடாது, சற்றுக் கூடலாம். 'புரதம் கிட்னியைக் கெடுக்கும்' என்று பொதுவாகச் சொல்லிக் குறைப்பது சரியல்ல. ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகக் கோளாறு தெரிந்த நாய்க்கு மருத்துவர் பாஸ்பரஸையும் புரதத்தையும் அளந்து சொல்வார். அது வேறு விஷயம்.

ஆகவே சாதத்தோடு வேகவைத்த முட்டையோ, எலும்பு நீக்கிய கோழியோ சேர வேண்டும். சைவ வீடுகளில் தர்மசங்கடம்தான். எங்கள் வீட்டில் பால்கனியில் ஒரு மின்சார அடுப்பு. முட்டை அங்கேயே வெந்து அங்கேயே தீர்ந்துவிடுகிறது, சமையலறையின் ஆசாரம் கெடவில்லை! அதுவும் கூடாதென்பவர்கள் பனீர், பருப்பு என்று போடலாம். ஆனால் எந்த வீட்டுச் சமையலிலும் கால்சியம் முதலியவை குறையும். என்ன சேர்ப்பது என்று கால்நடை மருத்துவரிடம் கேட்காமல் விடக்கூடாது.

அடுத்தது அளவு. நம் பாசம் பெரும்பாலும் பிஸ்கட் வடிவத்தில்தான் வெளிப்படுகிறது. காலைக் காப்பிக்கு இரண்டு, மாலைக்கு இரண்டு, பேரனுடன் வீடியோவில் பேசும்போது இன்னும் இரண்டு. அமெரிக்காவில் 48 லாப்ரடார்களை ஆயுள் முழுவதும் கவனித்து 2002இல் முடிவு வெளியிட்டார்கள். ஒரு பாதிக்கு மற்றதைவிடக் கால் பங்கு குறைவாக உணவு. வயிறு நிறையத் தின்றவற்றின் இடைநிலை ஆயுள் 11.2 ஆண்டு, குறைவாகத் தின்றவற்றுக்கு 13. மூட்டு வலிக்கு வைத்தியம் தேவைப்பட்டதும் பின்னவற்றுக்குத் தாமதமாகத்தான். நாய்க்கு ஏறக்குறைய இரண்டு வருடம் என்பது சாமானியமா? விலாவைத் தடவினால் எலும்பு விரலில் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படாவிட்டால் பிஸ்கட் டப்பாவை மேல் அலமாரிக்கு மாற்றுங்கள். மாறாக, தானாக இளைத்துக்கொண்டே போகும் கிழ நாய்க்கு உணவைக் குறைக்கக் கூடாது. மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நம் சமையலில் சில பொருள்கள் நாய்க்கு விஷம். சாம்பாரில் மிதக்கும் சின்ன வெங்காயம் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். தயிர்சாதத்தில் ருசிக்காகப் போடும் திராட்சையும், பாயசத்தின் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடும். சாக்லேட்டும் ஆகாது. சர்க்கரைக்காரர்கள் சட்டைப்பையில் வைத்திருக்கும் 'சுகர்ஃப்ரீ' சூயிங்கம்மில் சைலிட்டால் இருந்தால் நாயின் ரத்தச் சர்க்கரை சரசரவென்று இறங்கிவிடும். சமைத்த எலும்பு சிலும்பு சிலும்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். ஊறுகாய், அப்பளம் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பல் தேய்ந்த நாய்க்கு மசித்துக் கொடுங்கள். மூக்கின் கூர்மை குறைந்திருக்கும். ஆகாரத்தை இளஞ்சூடாக்கினால் வாசனை எழும்பும், முகத்தைத் திருப்பாது. ஒரே வேளையாகக் கொட்டாமல் இரண்டு மூன்றாகப் பிரியுங்கள். உணவை மாற்றுவதானால் ஒரு வாரம், பத்து நாளாகச் சிறிது சிறிதாக மாற்றுங்கள். நாக்பூர் மே மாதத்தில் வீட்டில் இரண்டு மூன்று இடத்தில் தண்ணீர் இருக்கட்டும். ஆனால் வெயில் இல்லாத நாளிலும் கிண்ணம் கிண்ணமாகக் குடித்து அடிக்கடி வெளியே போகக் கேட்டால் சிறுநீரகமா, சர்க்கரையா என்று பார்த்துவிட வேண்டும்.

ஓடிக் களைத்த எஞ்சினை அடிக்கடி திறந்து பார்க்க வேண்டும் என்பது ஷெட்டில் கற்ற பாடம். எங்கள் ராஜாவுக்கு 12 வயது. மாதம் ஒருமுறை அவனைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுகிறேன். பிறகு தனியாக ஏறிக் கழித்துக்கொள்கிறேன். லாப்ரடார்க்காரர்கள் இதை முயன்று இடுப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். செமினரி ஹில்ஸில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம், சிறுநீர் பார்க்கப் போகும்போது எடையையும் போட்டு ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். தட்டில் என்ன போடுகிறீர்கள் என்பதையும் அதே நோட்டில் எழுதிவைத்தால், டாக்டர் கேட்கும்போது யோசித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.