எச்சமா, முற்றா?

சென்ற ஞாயிறன்று முடி திருத்திக்கொண்டு ஆரியங்கோட்டு நண்பர் இல்லம் சென்றோம். மலையாளப் பள்ளியில் பயிலும் அவர் மகன் நம்மைக் கண்டதும், "மாமா முடி வெட்டி" என்றான். "வெட்டி, பிறகு என்ன செய்தார்?" என வினவினார் உடனிருந்த தமிழாசிரியர். சிறுவன் விழித்தான்.

பிழை அவனுடையதன்று. மலையாளத்தில் 'வெட்டி' வினைமுற்று, தமிழிலோ வினையெச்சம். வெட்டினேன், வெட்டினாள், வெட்டினார் என விகுதி சேர்ந்தாலே வினை முற்றுப்பெறும். செய்தவர் யாரென்பதும் விளங்கும்.

"கத்தரி பிடித்தவர் வேறொருவராயிற்றே?" என்றார் நண்பர். கரிகாலன் கல்லணை கட்டினான் என்பதுபோல் நாமும் ஏவுதற் கருத்தா என்றோம். யாவரும் நகைத்தனர்.

எனினும் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. மலையாளப் பள்ளியில் பயிலும் நம் பிள்ளைகளுக்கு இல்லமே தமிழ்ப் பள்ளி. அன்பர்களே, அவர்தம் பேச்சை எள்ளாதீர். விடுபட்ட விகுதியைக் கனிவோடு சேர்த்துச் சொல்லுங்கள். மலையாளமும் அவர்க்குச் செல்வமே.

விடைபெறுகையில் சிறுவன் ஓடிவந்து, "மாமா முடி வெட்டினார்" என்றான். அன்றைய செலவு வீண்போகவில்லை.