வயலில் எந்த மூலையில் உப்பு?

ஒரு ஏக்கர் வயலில் 10 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் கட்டினால், அது சுமார் 4 லட்சம் லிட்டர். லிட்டருக்கு 1 கிராம் உப்பு கலந்த போர் தண்ணீர் என்றால், அந்த ஒரு தடவையிலேயே வயலுக்குள் இறங்குவது 400 கிலோ உப்பு! தண்ணீரை வெயிலும் பயிரும் குடித்துவிடும்; உப்பில் பெரும்பகுதி மண்ணிலேயே தங்கிவிடும். நல்ல மழையும் வடிகாலும் இல்லாவிட்டால் வருஷா வருஷம் சேரும்.

சித்தையன்கோட்டைப் பக்கம் வாய்க்காலில் தண்ணீர் வரும் வருஷம் கவலை குறைவு. மழை பொய்த்து, ஆழ்துளைக் கிணற்றையே நம்பும் வருஷம்தான் உஷாராக இருக்க வேண்டும்.

உப்பு என்ன செய்யும் என்பது திண்டுக்கல்லுக்குப் புதிதல்ல. தோல் ஆலைக் கழிவு வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பிலேயே அந்தக் கணக்கு இருக்கிறது: திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் 467 கிணறுகளைப் பார்த்ததில், 350 கெட்டுப்போயிருந்தன. ஊர் ஊராக, கிணறு கிணறாக எண்ணியதால்தான் பாதிப்பின் அளவு தெரிந்தது.

வயலுக்கும் அப்படி ஒரு கணக்கு வேண்டும். ஏனென்றால் உப்பு நிலத்தில் இரண்டு வகை. உவர் நிலத்தில் வெள்ளையாகப் பூக்கும். நல்ல தண்ணீர் கட்டி வடித்தால் தேறும். களர் நிலத்தில் சோடியம் அதிகம். மண் இறுகி, தண்ணீர் இறங்காது. அதற்கு ஜிப்சம் போட்டு, பிறகு தண்ணீர் கட்டி வடிக்க வேண்டும். வகை தெரியாமல் ஜிப்சம் வாங்கினால் காசுதான் கரையும்.

2015-ல் வந்த மண்வள அட்டைத் திட்டத்தில், பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மாதிரி எடுத்தார்கள். அதாவது ஆறு ஏக்கருக்கு ஒன்று. உங்கள் வயலின் கெட்ட மூலை அதில் தப்பியிருக்கலாம்.

எனவே வயலை ஒரு தாளில் வரைந்து, நன்றாக விளையும் இடம், விளையாத இடம் இரண்டையும் குறியுங்கள். இரண்டிலும் தனித்தனியாக, பல இடங்களில் 15 சென்டிமீட்டர் ஆழம் வரை மண் எடுத்துக் கலந்து, அரை கிலோ வீதம் பரிசோதனைக்குக் கொடுங்கள். வரப்பு, எருக்குழி, மரத்தடி வேண்டாம். கார அமிலநிலை 8.5-ஐத் தாண்டினால் களராக இருக்கலாம். மின்கடத்தும் திறன் கூடினால் உவர். கிணற்றுத் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் கொண்டுபோங்கள். உப்பு வரும் வழி அதுதானா என்று தெரிந்துவிடும்.