யானைக்கு ஏதுங்க மாநில எல்லை?

போன வாரம் சித்தூருக்கு போன் போட்டேன். பலமநேர் பக்கம் நிலத்துல யானை இறங்கி தக்காளி, கரும்பு எல்லாம் துவம்சமாம். "எல்லாம் உங்க ஓசூர் பக்கத்துல இருந்து வந்ததுங்கதான்டா"ன்னு சித்தப்பா சலிச்சுக்கிட்டார்.

அவர் சொன்னது நிஜம்தான். சுமார் 200 வருஷமா யானையே இல்லாத அந்தக் காட்டுக்கு 1980-களில் தமிழ்நாடு, கர்நாடகா பக்கமிருந்து கூட்டமா வந்து சேர்ந்துச்சுங்க. 1990-ல் கவுண்டின்யா சரணாலயம் அறிவிச்சாங்க. சிலது அங்கேயும் நிக்காம திருப்பதி சேஷாசலம் வரைக்கும் போயிடுச்சு.

ஏன் கிளம்புச்சு? வறட்சி, சுருங்கிப்போன காடு. ஒரு யானைக்கு ஒரு நாளைக்கு 150 கிலோ தீனி வேணும். பொழைப்பு தேடி வந்த நமக்கு இது புரியாதா என்ன!

2025 மே மாசம் கர்நாடகா 4 கும்கி யானைகளை ஆந்திராவுக்குக் கொடுத்தது. நல்ல விஷயம். விரட்டலாம் சரி, எங்கே விரட்டறது? எல்லைக்கு அந்தப் பக்கமும் ஒரு விவசாயிதானே இருக்கான்?

மூணு மாநிலமும் ஒண்ணா உட்கார்ந்து வழித்தடத்தைக் காப்பாத்தணும். பேங்க்காரனா இன்னொண்ணு சொல்றேன்: பயிர்க்கடன் தவணை தேதி யானைக்காகக் காத்திருக்காது. நஷ்ட ஈடு அதுக்கு முன்னாடி கைக்கு வரணும். வந்தா, மின்வேலியில கள்ளத்தனமா கரண்ட் விட எவனுக்கும் மனசு வராது.

நீங்க என்ன நினைக்கிறீங்க?