கூரை ஒழுகுகிறது, வாடகை ஏறுகிறது!

"கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திரு, மாதம் பிறந்தால் பணம் வரும்!" இப்படி ஒரு வேதம் இன்று கோவையில் ஓதப்படுகிறது. மண்டபம் பிடித்து, கட்டணம் வசூலித்து, பாடமும் நடத்துகிறார்கள். மலிவாக விலைக்கு வரும் சொத்தை முந்திக்கொண்டு மடக்குவது எப்படி, பாங்கிக் கடனில் வாங்குவது எப்படி, குறுக்குச் சுவர் வைத்துப் பத்து வீடாக்குவது எப்படி, குடிவைத்த பிறகு செலவில்லாமல் வாடகையை ஏற்றுவது எப்படி - இவைதான் பாடங்கள். தேறியவர்களுக்கு "முதலீட்டாளர்" என்று பட்டம்.

நாம் ஒரு கேள்வி கேட்கிறோம். உழைக்காதவன் பெட்டிக்குப் பணம் வருகிறதென்றால், உழைத்தவன் ஒருவன் மடியிலிருந்துதானே அது போயிருக்க வேண்டும்? அந்த ஒருவன் யார்?

சிங்காநல்லூரில் ராத்திரி ஷிப்டு முடிந்து வரும் மில் தொழிலாளிதான் அவன். திருப்பூர் பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் பெண்தான் அவள். சோமனூரில் தறி ஓட்டுகிறவனும், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ரயிலேறி வந்து ஒரே அறையில் ஆறு பேராகப் படுத்தெழும் தோழனும்தான். நம் கூலியில் ஒரு பங்கு மில் வாசலைத் தாண்டியதும் வீட்டு வாசலில் பறிபோகிறது.

மலிவுச் சொத்து எங்கே விளைகிறது?

சொத்து மரத்தில் காய்ப்பதில்லை. அது மலிவாகக் கிடைக்க வேண்டுமானால், யாரோ ஒருவன் நொடித்துப்போக வேண்டும். 2002ல் வந்த சர்பாசி சட்டப்படி, கடன் தவணை தவறினால் பாங்கிகள் கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை எடுத்து ஏலம் விடலாம். ஆர்டர் இல்லாமல் லேத்துப் பட்டறையைப் பூட்டியவனின் வீடு ஏலப் பட்டியலில் வருகிறது. தறியை எடைக்குப் போட்ட குடும்பத்தின் வீடு வருகிறது. அந்தப் பட்டியலைப் பார்த்ததும் இந்தக் கனவான்களுக்கு நாக்கில் நீர் ஊறுகிறது. அவர்கள் "நல்ல டீல்" என்பது இன்னொரு குடும்பம் தெருவுக்கு வந்த கதை.

கிராமத்துப் பக்கம் பாருங்கள். அவிநாசியிலும் சூலூரிலும் பல்லடத்திலும் கிணறு வற்றி, விளைச்சலுக்கு விலையும் கிடைக்காமல், கடனில் விழுந்த விவசாயி தோட்டத்தை விற்கிறான். கல் நட்டு, கொடி கட்டி "சைட்" போட்டுவிடுகிறார்கள். விற்றவனுக்காவது கொஞ்சம் பணம் மிஞ்சும். தலைமுறை தலைமுறையாக அந்தத் தோட்டத்தில் களை எடுத்த கூலிக் குடும்பத்துக்கு என்ன மிஞ்சியது? வேலையும் போயிற்று. அது மூட்டை கட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போகிறது. இன்னொரு தோட்டத்தை அழித்துக் கட்டிய லைன் வீட்டில் வாடகைக்கு ஒண்டுகிறது.

மில்களின் கதை நமக்குத் தெரியாததல்ல. 1974ல் தேசவுடைமையான பஞ்சாலைகளை நடத்திய தேசிய பஞ்சாலைக் கழகம், 2020 மார்ச்சில் ஊரடங்கைக் காட்டி ஆலைகளை நிறுத்தியது. ஊரடங்கு முடிந்தது; ஆலைச் சங்கு ஊதவில்லை. தொழிலாளியின் சம்பளம் நின்றபோது எந்த வீட்டு வாடகையாவது நின்றதா?

கொஞ்சம் கணக்குப் போடுவோம்

ஒரு லைனில் பத்து வீடு என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு வாடகை 5,000 ரூபாய். ஐந்து மாத அட்வான்ஸ். ஆக, குடி புகுந்த அன்றே பத்துக் குடும்பங்களின் இரண்டரை லட்சம் ரூபாய் சொந்தக்காரர் கையில் இருக்கிறது. வட்டி உண்டா? ஒரு பைசா கிடையாது. அந்த அட்வான்சைக் கொடுக்க நாம் கந்துவட்டிக்கு வாங்கினோமே, அதற்கு மட்டும் வட்டி உண்டு!

வருஷ வாடகை ஆறு லட்சம். வருமான வரிச் சட்டம் இதில் நூற்றுக்கு முப்பதை, அதாவது 1,80,000 ரூபாயை, கழித்துவிட்டு மிச்சத்துக்குத்தான் வரி கேட்கிறது. பராமரிப்புச் செலவுக்கு என்று தரும் கழிவு இது. செலவு செய்ததற்கு ரசீது காட்ட வேண்டியதில்லை. ஓட்டை ஒரு ஓடுகூட மாற்றாவிட்டாலும் கழிவு உண்டு. வீடு வாங்கிய கடனுக்குக் கட்டும் வட்டிக்கும் கழிவு உண்டு. வாடகை கொடுக்கும் தொழிலாளி கடையில் வாங்கும் சோப்புக்கு வரி கட்டுகிறான்; அவனுக்கு என்ன கழிவு? மழை பெய்தால் கூரைக்கு அடியில் வைக்க ஒரு குண்டான்!

மின்சாரத்துக்கு வருவோம். 2016 மே மாதம் முதல் தமிழகத்தில் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். லைன் வீடுகளில் இது யாருக்குப் போகிறது? பல இடங்களில் ஒரே இணைப்பு. உள்ளே வீட்டுக்கு வீடு சின்ன மீட்டர். யூனிட்டுக்கு இவ்வளவு என்று சொந்தக்காரர் வைத்ததே ரேட். சர்க்கார் ஏழைக்குத் தந்த சலுகை வாசற்படியிலேயே வழிப்பறியாகிறது.

காலி செய்யும்போது கடைசி அடி: வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை பிடித்தம். ஆனால் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையைப் பாருங்கள். வெள்ளையடிப்பதும், கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவதும் சொந்தக்காரரின் பொறுப்பு என்றே அதில் இருக்கிறது.

சட்டம் யார் பக்கம்?

1960ம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் "நியாய வாடகை" என்று ஒன்று இருந்தது. கட்டிடத்தின் மொத்த மதிப்பில் வருஷத்துக்கு 9 சதவிகிதம் என்று கணக்கிட்டு, குடியிருப்பு வீட்டுக்கு வாடகையை நிர்ணயிக்கும்படி அதிகாரியிடம் மனுப் போடலாம். முன்பணம் ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்றும் இருந்தது. அந்தச் சட்டத்தை ரத்து செய்து, 2017ல் இயற்றிய புதிய சட்டத்தை 2019 பிப்ரவரி 22ல் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். நியாய வாடகை ஒழிந்தது. இனி இருவரும் "ஒப்புக்கொண்டதே" வாடகை. முன்பணம் மூன்று மாதம்தான் என்று ஒரு வரி போட்டார்கள். கூடவே "வேறுவிதமாக ஒப்பந்தம் இருந்தாலன்றி" என்று இன்னொரு வரியும் போட்டார்கள். பூட்டும் அவர்களே, கள்ளச் சாவியும் அவர்களே!

பத்து வீட்டுக்காரனும் படுக்க இடமில்லாதவனும் சமமாக உட்கார்ந்து பேசி ஒப்புக்கொள்வார்களாம். ஆட்டுக்கும் ஓநாய்க்கும் ஒப்பந்தமா?

இன்னும் கேளுங்கள். புதிய சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் செய்து, துணைக் கலெக்டர் அந்தஸ்திலுள்ள வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். சொந்தக்காரர்கள் பலர் எழுதித் தருவதே இல்லை. ஆனால் ஒப்பந்தம் செய்துகொள்ளவில்லை என்பதையே காரணம் காட்டிக் குடியிருப்பவனைக் காலி செய்யச் சொல்லவும் அதே சட்டத்தில் இடமிருக்கிறது. எழுத மறுத்தவனுக்கே எழுதாததன் பலன்!

அவர்கள் வாதமும் நம் பதிலும்

"நாங்கள் வீடு கட்டாவிட்டால் நீங்கள் எங்கே இருப்பீர்கள்?" என்று கேட்கிறார்கள். ஆடு நனைகிறதென்று அழுத ஓநாய் இதுதான். வீட்டைக் கட்டியது கொத்தனாரும் சித்தாளும். செங்கல் அறுத்தது தடாகம் பள்ளத்தாக்கின் சூளைக் கூலிகள். பாங்கிக் கடனின் மாதத் தவணையைக் கட்டுவது நம் வாடகை. இருபது வருஷம் நாம் கட்டி முடித்த வீட்டுக்குப் பத்திரம் மட்டும் அவர் பேரில்!

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறோம். ரிட்டையராகி, கிராஜுவிட்டிப் பணத்தில் பின்கட்டில் ஒரு போர்ஷன் கட்டி, அந்த வாடகையில் மருந்து வாங்கும் பழைய மில் தொழிலாளி நம் விரோதி அல்ல. அவரும் நம்மில் ஒருவரே. அவரை முன்னே நிறுத்தி, அவர் முதுகுக்குப் பின்னால் லைன் லைனாக வாங்கிக் குவிப்பவர்களைத்தான் எதிர்க்கிறோம்.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. அந்த வளையைத் தர சர்க்காரால் முடியாதா? ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் கட்டிடம் சிப்காட் இடத்தில் எழுந்தது. 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். பாக்ஸ்கான் கம்பெனிக்காக முடிந்தது, கோடி கோடியாக அந்நியச் செலாவணி ஈட்டித் தரும் திருப்பூர்த் தொழிலாளிக்கு ஏன் முடியாது?

கெஞ்சினால் வராது

1915ல், யுத்தத்தைச் சாக்காக வைத்து ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். மேரி பார்பர் என்ற தோழியின் தலைமையில் பெண்கள் திரண்டு, கூடுதல் வாடகை தர மறுத்தார்கள். காலி செய்ய ஆள் வந்தால் மணி அடித்துத் தெருவையே திரட்டினார்கள். கப்பல் பட்டறைத் தொழிலாளிகள் துணைக்கு வந்தார்கள். அந்த வருஷமே வாடகையை யுத்தத்துக்கு முந்தைய அளவில் நிறுத்தி பிரிட்டிஷ் சர்க்கார் சட்டம் போட்டது. சட்டத்தை எழுத வைத்தது வக்கீல் அல்ல, ஒற்றுமை!

தோழர்களே! மில்லில் சங்கம் வைத்திருக்கும் நாம், லைனில் தனித்தனியாக நிற்பது ஏன்? லைனுக்கு ஒரு கமிட்டி அமைப்போம். வாடகைக்கு ரசீது கேட்போம்; சட்டப்படி அது நம் உரிமை. ஒப்பந்தத்தை எழுதிக் கேட்போம். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி மிரட்டுவது சட்ட விரோதம். அப்படிச் செய்தால் பத்து வீடும் சேர்ந்து வாடகை அதிகாரியின் காரியாலயத்துக்குப் போவோம். வடநாட்டுத் தோழனையும் அழைத்துக்கொண்டு போவோம். அவனைத் தனியே விட்டால், அவனைக் காட்டியே நம் வாடகையையும் ஏற்றுவார்கள்.

சர்க்காரிடம் நம் கோரிக்கைகள் இவை: நியாய வாடகை மீண்டும் வேண்டும்! முன்பணத்துக்குக் கள்ளச் சாவி இல்லாத உச்சவரம்பு வேண்டும்! லைன் வீடு ஒவ்வொன்றுக்கும் தனி மின் இணைப்பு வேண்டும்! மூடிய அரசு மில்களைத் திற. அந்த நிலத்தை விற்காதே! விவசாயக் கூலிக்கு மனைப்பட்டா கொடு!

1946 ஜனவரி 8ல் சின்னியம்பாளையத்துத் தோழர்கள் நால்வர் கோவைச் சிறையில் தூக்குமேடை ஏறினார்கள். மில் தொழிலாளியும் மனிதன் என்று நிலைநாட்டிய போராட்டம் அது. மனிதனுக்கு ஒழுகாத கூரை வேண்டும். அதைப் பிச்சையாகக் கேட்க மாட்டோம், ஒன்றுபட்டு வாங்குவோம்!