‘ரொக்கம் மட்டும்’ என்னும் பலகை

கோலசிலாங்கூரிலிருந்து தஞ்சோங் காராங் வழியாகச் செகிஞ்சான் செல்லும் சாலையில், சனி ஞாயிறுகளில் கார்கள் எறும்புச் சாரைபோல் ஊர்வதை நேயர்கள் கண்டிருப்பர். வயல் பார்க்கவும் மீன் உண்ணவும் பட்டணத்துச் சீமான்கள் வருகின்றனர். அவர்கள் இறைக்கும் பணத்தில் அவ்வழியிலுள்ள நம்மவர் கடைகளுக்கும் ஒரு பங்கு சேர்கிறது. அதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் அவற்றுள் சில கடைகளின் கல்லாப்பெட்டிக்கு மேலே ‘ரொக்கம் மட்டும்’ என்றொரு பலகை தொங்குகிறது. அப்பலகையைப் பற்றியே இன்று எழுதத் துணிந்தோம்.

அண்மையில் அத்தகைய சாப்பாட்டுக் கடை ஒன்றில் பசியாறினோம். ரொக்கமே கொடுத்து, ரசீது கேட்டோம். முதலாளி நம்மை ஏற இறங்கப் பார்த்து, “ரசீதா? எதற்கு ஐயா? உங்களை நான் ஏமாற்றிவிட்டேனா?” என்றார். நம்மை ஏமாற்றவில்லை; அது மெய்யே. யாரை ஏமாற்றினார் என்பதைப் பின்கட்டில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த அம்மையாரிடம் அறிந்தோம். தோட்டத்து வேலை போனபின் அங்கு வந்து பதினோராண்டு ஆகின்றதாம். சம்பளம் மாதந்தோறும் உறையில் வருமாம். சேமநிதி உண்டா என்று கேட்டோம். “அதெல்லாம் தோட்டத்தோட போச்சுங்க” என்றார்.

ரொக்கம் வாங்குவதே குற்றமென்று நாம் சொல்ல வரவில்லை. கைப்பேசி பழகாத முதியோரிடம் நோட்டை வாங்க மறுக்கும் கடையையும் நாம் கண்டிப்போம். வங்கிகள் கட்டணம் பிடிக்கும் என்று கடைக்காரர் அஞ்சுவதிலும் சிறிது நியாயமுண்டு. டூயிட்நவ் கியூஆர் முறைக்கு 2023 நவம்பர் முதல் வணிகரிடம் கட்டணம் வாங்க ஏற்பாடாகி, கூக்குரல் எழுந்தபின் பல வங்கிகள் அதனைத் தள்ளி வைத்தன. இருக்கட்டும். ஆனால் கட்டணத்துக்கு அஞ்சுபவர் ரசீது எழுதவும் ஏன் அஞ்சுகிறார்? ரசீதுப் புத்தகத்துக்கு எந்த வங்கி கட்டணம் பிடிக்கிறது?

“ஏழை வியாபாரி வரி கட்டினால் பிழைப்பானா?” என்று இவர்களுக்காக வக்காலத்துப் பேசுவோர் கேட்கின்றனர். கணக்கைப் பார்ப்போமே. தனியொருவராகக் கடை நடத்துபவர் செலவெல்லாம் போக ஆண்டுக்கு 44,000 வெள்ளி இலாபம் ஈட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தனிநபர் கழிவு 9,000 போக நிற்பது 35,000. அதற்கு 2023 மதிப்பீட்டு ஆண்டு முதலுள்ள விகிதப்படி வரி 600 வெள்ளி. அதிலும் 400 தள்ளுபடி. ஆக, அவர் ஓராண்டுக்குக் கட்டவேண்டியது 200 வெள்ளி! இதற்காகவா இத்தனை மறைப்பு? மறைப்பவர் வேறு ஆசாமி. பலகாரத் தட்டேந்திப் பிழைக்கும் பாட்டியின் முந்தானைக்குள் மூன்று கடைக்கும் நான்கு வீட்டுக்கும் சொந்தக்காரர் ஒளிந்துகொண்டு, “ஏழையை வதைக்கிறார்களே” என்று அலறுகிறார். 1967 ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் கணக்கேடுகளை ஏழாண்டு காத்து வைக்கும்படி சொல்வதும், மனமறிந்து ஏய்ப்பவருக்குச் சிறையோடு, மறைத்த வரியின் மும்மடங்கைத் தண்டமாக விதிப்பதும் அவர் அறியாததன்று.

இவ்விவகாரத்தில் சர்க்காருக்கு வரும் நட்டத்தைப் பற்றியே எல்லாரும் பேசுகின்றனர். நமக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. விற்பனையில் பாதியை மறைக்க நினைப்பவர் ஆட்களிலும் பாதியை மறைத்தே தீரவேண்டும். பத்துப் பேருக்குச் சம்பளம் என்று ஏட்டில் எழுதிவிட்டு, பத்துப் பேரும் நாள் முழுதும் ஈயோட்டினார்கள் என்று கணக்குக் காட்ட முடியுமா? ஆகவே பின்கட்டில் கை வெந்து உழைப்போர் ஏட்டில் இருப்பதில்லை. குறைந்தபட்ச ஊதியம் 2025 இல் 1,700 வெள்ளியாயிற்று. அச்சம்பளத்துக்குச் சேமநிதியில் தொழிலாளி பங்கு 187, முதலாளி பங்கு 221. கூடினால் மாதம் 408. ஆண்டுக்கு 4,896. பத்தாண்டில், ஈவுத்தொகை சேராமலே, 48,960 வெள்ளி. “பிடித்தமில்லாமல் முழுச் சம்பளமும் கையில் கொடுக்கிறேனே” என்று முதலாளி பெருமை பேசுகிறார். அந்த 187 கையோடு வந்ததென்று தொழிலாளியும் மகிழ்கிறார். 221 எங்கே போயிற்றென்று அவர் கேட்பதில்லை. கோயில் திருவிழாவுக்கு அதே முதலாளி ஐயாயிரம் எழுதும்போது முன்வரிசையில் நின்று கைதட்டுவோர்கூடக் கேட்பதில்லை.

இவ்வட்டாரத்துக்கு இது பழங்கதை. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917 இல் உருவானது இதே கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். தோட்டங்களில் கங்காணியும் கடைக்காரரும் பற்றுப் புத்தகத்தில் எழுதியதற்கெல்லாம் எழுத்தறியாத நம் பாட்டன்மார் கைநாட்டு வைத்தனர். அன்று எழுதிக் கெடுத்தார்கள். இன்று எழுதாமல் கெடுக்கிறார்கள். அன்று கெடுத்தவரைத் துரையின் ஆள் என்று தூற்றினோம். இன்று கெடுப்பவருக்கு மேடையில் மாலை சூட்டுகிறோம்.

பலகையைக் கழற்றிவிட்டுக் கியூஆர் சீட்டை ஒட்டினால் எல்லாம் சீராகிவிடும் என்போரும் ஏமாற வேண்டாம். சில கடைகளில் அச்சீட்டு கடையின் கணக்கைச் சுட்டாமல், முதலாளியின் மைத்துனர் கணக்கைச் சுட்டுவதை நாமே பார்த்தோம். இந்தியாவில் 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாவென்று அறிவித்தார்கள். கறுப்புப் பணம் சாம்பலாகும் என்றார்கள். அந்நோட்டுகளில் நூற்றுக்கு 99 பங்குக்கு மேல் வங்கிக்கே திரும்பி வந்துவிட்டன. வரிசையில் வாடியவர் கூலிக்காரர். நோட்டையோ கைப்பேசியையோ நாம் பழிக்கவில்லை. எழுதப்படாத கணக்கையே பழிக்கிறோம்.

“மேலே இருந்தவர்கள் கோடிகோடியாய்ச் சுருட்டினார்களே, நான் மட்டும் யோக்கியனாக வேண்டுமா?” என்பது இவர்களின் கடைசி ஆயுதம். சுருட்டியது உண்மை. எஸ்ஆர்சி வழக்கில் 42 மில்லியன் வெள்ளி தொடர்பாக முன்னாள் பிரதமர் நஜிப் 2020 ஜூலையில் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டு, 2022 ஆகஸ்டில் சிறை சென்றார். ஆனால் அவ்வழக்கில் சாட்சியாக நின்றவற்றுள் முக்கியமானவை வங்கி ஏடுகளல்லவா? அவரும் உறையில் வாங்கி உறையிலேயே கொடுத்திருந்தால் யார் என்ன செய்திருக்க முடியும்?

மின் விலைப்பட்டியல் முறை 2024 ஆகஸ்டு 1 இல் பெருநிறுவனங்களிடம் தொடங்கிப் படிப்படியாய் இறங்கி வருகிறது. சிறு வணிகருக்கு விலக்குண்டு. 150,000 வெள்ளியென்றிருந்த விலக்கு வரம்பும் பின்னர் உயர்ந்தது. அதுவரை சரி. ஆனால் அவ்விலக்கைக் காட்டிச் சேமநிதிக்கும் சொக்சோவுக்கும் விலக்குக் கிடைத்துவிட்டதாகச் சிலர் ஆட்களிடம் கதை அளக்கின்றனராம். அப்படி ஒரு விலக்கு எங்கும் இல்லை. சந்தா கட்டாத முதலாளிக்கு 10,000 வெள்ளி வரை அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு.

இதனை அவ்வம்மையாரிடமும் சொன்னோம். சேமநிதி அலுவலகத்தில் அடையாள அட்டையைக் காட்டினால் கணக்கைக் காட்டுவார்கள் என்றோம். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே, “என் பேரு மட்டும் வெளியில வரக்கூடாதுங்க” என்றார்.

வரவில்லை. கடையின் பெயரையும் நாம் எழுதவில்லை. அம்முதலாளி இவ்விதழின் சந்தாதாரர், படிப்பார்.