இலவசச் சீட்டும் மூன்றாம் தமிழும்

முத்தமிழ் என்று மேடைதோறும் முழங்குகிறோம். இயலுக்குப் பட்டிமன்றம் வைக்கிறோம்; இசைக்குக் கச்சேரி வைக்கிறோம். மூன்றாம் தமிழாகிய நாடகத்திற்கு நாம் செய்வது யாது? எப்போதாவது சென்னையிலிருந்து ஒரு குழுவை வரவழைத்து, இலவசச் சீட்டில் அமர்ந்து, இறுதிக் காட்சி முடியுமுன்னே வீடு திரும்ப எழுந்துவிடுகிறோம். இதற்குக் கலைப்பற்று என்று பெயரும் சூட்டிக்கொள்கிறோம்!

நாம் பிழைக்க வந்த இந்நகரைச் சற்றே நோக்குவோம். கடப்பை மாவட்டத்துச் சுரபி என்னும் சிற்றூரில் 1885-ஆம் ஆண்டு 'கீசக வதம்' நாடகத்தோடு தொடங்கியது சுரபிக் குடும்பத்தாரின் கலைவாழ்வு. பெண் வேடத்தை ஆண்களே புனைந்துவந்த காலத்தில் தம் வீட்டுப் பெண்களை மேடையேற்றியவர்கள் அவர்கள். இன்றும் அவர்களிற் பலர் சேரிலிங்கம்பள்ளியில் வாழ்கின்றனர். அவ்வழி வந்த நாகேசுவரராவ் 2013-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

அலுவலகத் தெலுங்கு நண்பர் ஒருவர் அழைக்க, பப்ளிக் கார்டனிலுள்ள லலித கலா தோரணத்தில் அவர்களது 'மாயாபஜார்' நாடகத்தைக் கண்டோம். வண்ணந்தீட்டிய திரைச்சீலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. கம்பியின் துணையால் மாந்தர் விண்ணிற் பறந்தனர். சிறுவர் கைகொட்டி ஆர்ப்பரித்தனர். நமக்கோ வியப்பினும் நாணமே மிகுந்தது. அத்திரைச்சீலையும் ஆர்மோனியமும் நமக்கும் உரியவை அல்லவா? சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) சிறுவர்களைச் சேர்த்துப் பாட்டும் வசனமும் பயிற்றி வளர்த்த தமிழ் நாடகமும் இத்தகையதே. டி.கே.எஸ். சகோதரர்கள் அப்பயிற்சியில் உருவானவர்களே. அண்டை வீட்டார் காத்த விளக்கை நாம் அணையவிட்டோம்.

"அவர்கள் தொழில்முறை நடிகர்கள், கோப்புகளோடு மாரடிக்கும் நமக்கு நேரமேது?" என்பர் சிலர். சென்னை சென்ட்ரலுக்கு அருகே நிற்கும் செந்நிற விக்டோரியா மண்டபத்தை அவர்கள் பார்த்ததில்லையா? 1891-இல் பம்மல் சம்பந்த முதலியார் தோற்றுவித்த சுகுண விலாச சபை அங்கேதான் நாடகங்கள் நடத்தியது. அவர் வழக்கறிஞர், பின்னர் நீதிபதியுமானார். சபையில் நடித்தோரும் வேறு தொழில் உடையோரே. அத்தனை அலுவலுக்கிடையே தொண்ணூறுக்கு மேற்பட்ட நாடகங்களை இயற்ற அவருக்கு நேரமிருந்தது. நமக்குத்தான் இல்லை!

"கைப்பேசியிலேயே அனைத்தும் காணலாமே" என்பர் வேறு சிலர். காணலாம், ஆனால் திரை நம் பிள்ளையிடம் எதையும் கேட்பதில்லை. பள்ளியில் ஆங்கிலம், தெருவில் தெலுங்கு, கடையில் இந்தி. வீட்டில் மட்டும் அரைகுறைத் தமிழ் என்று வளரும் பிள்ளை அது. மேடையோ, "வாய் திறந்து பேசு" என்கிறது. எழுத்தறியாத குழந்தையும் ஒத்திகையில் வசனத்தை நெட்டுருச் செய்யும். லகர ளகர ழகரங்களைத் திருத்திக்கொள்ளும். எதிரே நிற்பவர்க்குத் தமிழில் மறுமொழி கூறும். நாடகம் நமக்குப் பொழுதுபோக்கன்று. அடுத்த தலைமுறையின் நாவில் தமிழை நிறுத்தும் பள்ளி. அதை மூடிவிட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் வரவில்லையே என்று புலம்புவதிற் பொருளுண்டோ?

ஆகவே, நம் சங்கங்களிடம் வெளிப்படையாகவே கேட்கிறோம். இலவசச் சீட்டை ஒழியுங்கள். நிர்வாகிகளும் காசு கொடுத்தே அமரட்டும். மாலைகளையும் பொன்னாடைகளையும் குறைத்து, அப்பணத்தில் ஆண்டுக்கொரு முழுநீள நாடகத்தை நம் குடும்பத்தினரைக் கொண்டே நடத்துங்கள். தாகூர் நூற்றாண்டின் நினைவாக 1961-இல் ரவீந்திர பாரதியைத் திறந்த நகரம் இது. நடிக்கவும் எழுதவும் வல்ல வங்கக் கவிஞருக்கு இடமளித்த ஊர், தமிழ் நாடகத்திற்கு இடமில்லை என்னுமா? பேரரங்கும் வேண்டா, பள்ளிக்கூட மண்டபம் ஒன்று போதும்.

அரங்கிற்குப் பஞ்சமில்லை, நம் மனத்திற்கே பஞ்சம். இம்மலரைப் படித்து முடித்ததும் பெட்டியில் வைத்துப் பூட்டாமல், வரும் ஞாயிறன்று பத்துக் குழந்தைகளை ஒரு கூடத்தில் கூட்டுவோம். முதல் ஒத்திகை அன்றே தொடங்கட்டும்.