மானுக்குப் போடும் மக்காச்சோளம்

அமெரிக்காவில் மினசோட்டா பக்கம் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்குக் குளிர்காலம் வந்தால் வாட்ஸ்அப்பில் ஒரு படம் தவறாமல் வந்துவிடும். பனி மூடிய கொல்லைப்புறம், நாலைந்து மான்கள், நடுவில் கொட்டி வைத்த மக்காச்சோளம். நாமும் "வாயில்லா ஜீவன், புண்ணியமாகப் போகும்" என்று பதில் போடுவோம்.

அந்தப் புண்ணியத்தைப் பற்றித்தான் இன்றைக்கு எழுதுகிறேன். அந்த மாநிலத்தின் வடகிழக்கில், சுப்பீரியர் ஏரியை ஒட்டிய காட்டுப் பகுதியில், மானுக்குத் தீனி போடுவது புண்ணியம் இல்லை என்பது என் கட்சி. அங்கே ஒரு மான் பெருகினால் இன்னொரு மான் சாகிறது.

அந்த இன்னொரு மானின் பெயர் மூஸ். மான் குடும்பத்திலேயே பெரியது. நம் கடமானைப் பார்த்திருப்பீர்கள். அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். தோள் உயரமே ஆறடி இருக்கும். பெயர்கூட அந்த மண்ணின் பூர்வகுடி மக்களின் மொழிகளிலிருந்து வந்ததுதான். வில்லோ, பிர்ச், ஆஸ்பென் மரங்களின் கொழுந்தும் சுள்ளியும்தான் அதன் ஆகாரம். கோடையில் ஏரிக்குள் இறங்கி நீர்த்தாவரங்களையும் மேயும். இடுப்பளவு பனியிலும் நடக்கத் தோதாகக் கால்கள் நெடுநெடுவென்று இருக்கும். குளிரைத் தாங்கும், வெப்பம்தான் ஆகாது. குளிர்காலத்தில் மைனஸ் 5 டிகிரியைத் தாண்டினாலே, கோடையில் 14 டிகிரியைத் தாண்டினாலே அது திணற ஆரம்பிக்கிறது என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். நமக்கு ஸ்வெட்டர் தேவைப்படும் நாளில் அதற்கு வியர்க்காத குறை.

கொல்லைப்புறத்துக்கு வருவது வெள்ளைவால் மான். சின்ன உடம்பு, குட்டைக் கால். ஆழமான பனியில் நடக்க முடியாது, பட்டினியில் செத்துப்போகும். அதனால் இந்த வடக்குக் காடுகளில் பழைய நாளில் அது அதிகம் கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பெரிய பைன் மரங்களை வெட்டித் தள்ளினார்கள். வெட்டிய இடமெல்லாம் இளந்தளிர். பின்னால் சாலை வந்தது, பண்ணை வந்தது, குளிரும் குறைந்தது. மானும் வடக்கே ஏறி வந்துவிட்டது. தானாக வந்த விருந்தாளி என்று சொல்ல முடியாது. மனிதன் வழிபோட்டுக் கொடுத்து வந்தது.

ஒரே காடு, வேண்டிய அளவு தழை. இரண்டும் பங்கு போட்டுக்கொண்டால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். தழைக்காக மட்டும் போட்டி என்றால் நானும் இதை எழுதியிருக்க மாட்டேன். ஆழமான பனியில் மூஸ், பனி குறைந்த இடத்தில் மான் என்று அவை ஓரளவு ஒதுங்கிக்கொள்ளும். சிக்கல் மானின் புழுக்கையில் இருக்கிறது.

வெள்ளைவால் மானின் மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் நூல் போன்ற ஒரு புழு வாழ்கிறது. மானுக்கு அதனால் பெரிய தொந்தரவு இல்லை, நெடுங்காலப் பழக்கம். புழுவின் முட்டைகள் இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய்ப் பொரிக்கின்றன. குஞ்சுப்புழுக்கள் இருமலில் மேலே வந்து, விழுங்கப்பட்டு, புழுக்கையோடு வெளியே வருகின்றன. புழுக்கை மேல் ஊர்ந்துபோகும் நத்தையின் உடம்பில் அவை ஏறிக்கொள்கின்றன. அந்தப் பொடி நத்தை இலையில் ஒட்டியிருக்க, மூஸ் இலையோடு சேர்த்து அதையும் தின்றுவிடுகிறது. மானுக்குள் வழி தெரிந்து அடங்கியிருக்கும் புழு, மூஸுக்குள் போனால் தண்டுவடத்தையும் மூளையையும் குடைந்துகொண்டு அலைகிறது. மூஸ் தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரே இடத்தில் வட்டம் சுற்றும். பின்னங்கால் இழுக்கும். மனிதரைக் கண்டாலும் பயப்படாமல் சாலையில் நிற்கும். பிறகு விழுந்துவிடும்.

மூஸ் நோய் என்று பல பத்தாண்டுகள் காரணம் தெரியாமல் சொல்லிக்கொண்டிருந்ததை, இந்தப் புழுவின் வேலைதான் என்று 1960களின் தொடக்கத்தில் நிரூபித்தவர் கனடாவின் ஆண்டாரியோவைச் சேர்ந்த ராய் ஆண்டர்சன். ஆக, இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. அறுபது ஆண்டுகளாகத் தெரிந்த செய்தி.

நான் கணக்குப் பார்த்தே பழகியவன், அதனால் எண்களையும் சொல்லிவிடுகிறேன். மினசோட்டாவின் வடமேற்கில் 1980களின் நடுவில் சுமார் 4,000 மூஸ் இருந்தன. இருபது ஆண்டு கழித்து நூறு அளவில் நின்றது. வடகிழக்கில் 2006இல் சுமார் 8,800 என்று மதிப்பிட்டார்கள். 2013இல் மூவாயிரத்துக்கும் கீழே போனது. அந்த ஆண்டே மாநில அரசு மூஸ் வேட்டையை நிறுத்தியது. அதற்குப் பிறகு மூவாயிரம், நாலாயிரம் என்று தத்தளித்துக்கொண்டிருக்கிறது. கழுத்துப்பட்டை மாட்டிக் கண்காணித்ததில், இறந்துபோன பெரிய மூஸ்களில் பாதிக்கும் மேல் நோயாலும் ஒட்டுண்ணியாலும் செத்தவை. அதில் மூளைப்புழு முக்கியமான காரணம். ஓநாய் அடித்தவை அதற்கு அடுத்தபடி. அதிலும் சில முன்பே நோயில் தளர்ந்தவை.

எல்லாப் பழியையும் மான் தலையில் போட நான் தயாரில்லை. வெப்பம் ஒரு காரணம். குளிர்கால உண்ணி இன்னொரு காரணம். ஒரே மூஸின் மேல் ஆயிரக்கணக்கில், சில சமயம் பல பத்தாயிரம் ஏறி இரத்தத்தை உறிஞ்சிவிடும். ஓநாய்க்கும் பங்குண்டு. ஆனால் மான் நிறைய இருந்தால் அதைத் தின்று ஓநாயும் பெருகும். பெருகிய ஓநாய் மூஸ் கன்றையும் விடாது. சுற்றி வந்தால் அங்கேயும் மான்தான் நிற்கிறது.

சுப்பீரியர் ஏரிக்குள் ஐல் ராயல் என்று ஒரு தீவு. மினசோட்டாக் கரையிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் அளவுதான் தூரம். அங்கே வெள்ளைவால் மான் இல்லை, ஆகவே மூளைப்புழுவும் இல்லை. மூஸுக்கு அங்கேயும் பசி உண்டு, உண்ணி உண்டு, வெயில் உண்டு. இருந்தும், ஓநாய் இரண்டே இரண்டாகக் குறைந்திருந்த காலத்தில் மூஸ் பெருகி, 2019இல் இரண்டாயிரத்தைத் தொட்டது. தழை போதாமல் போகும் அளவுக்குப் பெருகியது.

மான் இனங்கள் சேர்ந்தே வாழக் கூடாது என்றும் நான் சொல்லவில்லை. சுவீடன் காடுகளில் மூஸும் சின்ன ரோ மானும் ஒன்றாகத்தான் இருக்கின்றன. அங்கே இந்தப் புழு கிடையாது. யாரோடு யார் என்பதைப் பொறுத்தது.

எதிர்வாதம் இரண்டு கேட்டிருக்கிறேன். முதலாவது, பூமி சூடாவதுதான் மூல காரணம், மானைக் குறை சொல்லி என்ன பயன் என்பது. மூல காரணம் என்பது சரி. ஆனால் பூமியின் சூட்டைத் தணிக்க எத்தனை தலைமுறை ஆகுமோ. மான் எண்ணிக்கையை ஒவ்வொரு பருவத்திலும் எத்தனை வேட்டை உரிமம் கொடுக்கிறோம் என்பதை வைத்தே கட்டுப்படுத்தலாம். வீடு ஒழுகும்போது, மழை நிற்கட்டும் என்று யாரும் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை.

இரண்டாவது வாதம் எனக்கே நெருடலானது. பிறந்ததிலிருந்து சைவம் நான். மானைச் சுடு என்று எப்படிச் சொல்வது? மாநிலம் 2011இல் போட்ட மூஸ் திட்டத்தில், மூஸ் வாழும் பகுதியில் மான் சதுர மைலுக்குப் பத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் மான் நிறைய வேண்டும் என்று வேட்டைக்காரர்களே அங்கே கேட்கிறார்கள், அதிகாரிகளும் இழுபறியில் நிற்கிறார்கள். அந்த வரம்பு காகிதத்தில் மட்டும் இல்லாமல் காட்டிலும் இருக்க வேண்டும் என்பதே என் கருத்து. கொல்லுவது எனக்குச் சந்தோஷமான காரியம் இல்லை. ஆனால் கண்ணுக்குத் தெரிந்து சாகும் மானுக்கு இரங்கிவிட்டு, சதுப்புக்காட்டில் தலை சாய்ந்து சுற்றிச் சுற்றிச் சாகும் மூஸைக் கணக்கில் எடுக்காமல் விட்டால் அது ஜீவகாருண்யம் ஆகாது. நம் இரக்கம் கொல்லைப்புறத்தோடு நின்றுவிடுகிறது என்றுதான் அர்த்தம்.

சுடுவதும் சுடாததும் அரசு வேலை. சோளம் போடுவது நம் வீட்டு வேலை. தீனி போட்டால் மான்கள் கூட்டமாக ஓரிடத்தில் கூடும், புழுக்கையும் அங்கேயே குவியும், குளிரில் சாக வேண்டியவையும் பிழைத்து அடுத்த ஆண்டு இரண்டிரண்டு குட்டி போடும். இதில் மானுக்கும் நன்மை இல்லை. குளிர்காலத்தில் சுள்ளி தின்று பழகிய வயிறு திடீரென்று சோளத்தைத் தாங்காது. புளித்துப்போய் மானே செத்துவிடுவதுண்டு.

இந்தக் கோடையில் பேரன் பேத்தியைப் பார்க்க டுலூத், தண்டர் பே பக்கம் போகிறவர்கள் நம்மில் சிலர் இருக்கிறீர்கள். பெரியவர்கள் சொன்னால் பிள்ளைகள் கொஞ்சம் காது கொடுப்பார்கள். மானைப் பாருங்கள், படம் எடுங்கள், குழந்தைகளுக்குக் காட்டுங்கள். சோள மூட்டையை மட்டும் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.